பாஸ்கா லீலியும் பம்பாய் வெங்காயமும்

மோர்டென்ஸ்ருட்
23.09.2025, செவ்வாய்

கனம்பொருந்திய திரு. அருட்செல்வம் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. காலைப் பஸ் ஓட்டிவிட்டு வந்து பக்கத்து அறையில் நித்திரை கொள்கிறீர்கள். குறட்டை சுவரைத் தாண்டி வருகிறது. நலம்தான்.

அம்மாவின் கட்டளைப்படி எழுதுகிறேன். ஜூன் மாதம் அம்மாவுக்கும் உங்களுக்கும் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து உங்களோடு ஒரு சொல்லும் நான் கதைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கதைக்க விருப்பமில்லையெண்டால் கதைக்காதை. சொல்ல வேண்டியதை எழுதிக் குடு. தமிழில எழுது. பத்து வருசம் சனிக்கிழமை சனிக்கிழமையாத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திப் பறிச்சனான், அதுக்கொரு பலன் வேணும்" என்றார். ஆகவே இந்தக் கடிதம் ஐஸ்பெட்டிக் கதவில், மீன் காந்தத்தின் கீழ்.

விடயம் இதுதான். நேற்றுப் பின்னேரம் நீங்கள் வளவில் நூல் பிடித்துத் தடி நட்டு, நாலு மீற்றர் நீளத்துக்குப் புல்லைக் கொத்தியதை யன்னலால் பார்த்தேன். எங்கள் வளவில் வெயில் விழுகிற ஒரே இடம் அது. அங்கே வலையூஞ்சல் கட்டுவேன் என்று ஓகஸ்டில், பெட்டிகள் பிரிக்க முன்பே, சாப்பாட்டு மேசையில் அறிவித்திருந்தேன். (உங்களுக்கு அல்ல, மேசைக்கு.) நோர்வேக்காரர் பூப்பாத்தியை 'பெட்' என்பார்கள். ஆங்கிலத்தில் அதே சொல் கட்டில். நான் படுக்க வைத்திருந்த இடத்தில் கிழங்குகளைப் படுக்கப் போடுகிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இலை உதிர்கிற காலத்தில் பூக்கிழங்கு நடுகிறவர், வசந்தத்திலும் நான் இங்கேதான் இருப்பேன் என்று சொல்லுகிறார். அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஹன்னா உங்களை 'அருளப்பா' என்கிறாள். அவளுக்கு ஆறு வயது, சொக்லேட் கொடுத்தால் சாமிப் படத்தையும் மாற்றிவிடுவாள். எங்கள் அப்பா செத்தபோது அவளுக்கு இரண்டு வயது, எனக்குப் பன்னிரண்டு. வித்தியாசம் உங்களுக்கு விளங்கும்.

இது பகிடி அல்ல, முறைப்பாடு. வீடு ஆசீர்வதிக்க வந்த சுவாமியின் தேநீரில் சீனிக்குப் பதில் உப்புப் போட்டது நான்தான் என்று தீர்ப்பாகி, "இன்னொருக்கால் பகிடி விட்டியெண்டால் ஸ்டவாங்கருக்கு, மேரியம்மா அக்காவிட்டை அனுப்பிப்போடுவன், படிப்பும் அங்கைதான்" என்று அம்மா சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். பெரியம்மா வீட்டில் ஆறு மணிக்கு எழும்பிச் செபமாலை சொல்ல வேண்டும். ஆகவே திருந்திவிட்டேன்.

இப்படிக்கு,
வெயில் பறிகொடுத்த
நிலூஜா


மோர்டென்ஸ்ருட்
24.09.2025

அன்புள்ள பிள்ளை நிலூஜாவுக்கு,

உமது கடிதத்தைத் தேநீரோடு வாசித்தேன். முதலில் தேநீரை நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

வலையூஞ்சல் அறிவித்தலை மேசை எனக்குச் சொல்லவில்லை. பாத்தியை வேலிப் பக்கம் ஒரு மீற்றர் தள்ளுகிறேன். உமக்கு இரண்டு கம்பம் நட்டுத் தருகிறேன். வெயிலைப் பாதி பாதியாகப் பிரிப்போம்.

நாற்பது பாஸ்கா லீலிக் கிழங்கும் இருபது துலிப்பும் வாங்கி வந்து கொட்டிலில் வைத்திருக்கிறேன். பாஸ்காப் பெருநாளை ஒட்டி மஞ்சளாகப் பூக்குமே, அதுதான். துலிப்பை மான் வந்து மேய்ந்துவிடும் என்று அடுத்த வீட்டு ஆன்ட்ரியாஸ் சொன்னார். பாஸ்கா லீலியை மான் தொடாது. அதனால் லீலி முன்னுக்கு, துலிப் பின்னுக்கு. கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழம் தோண்ட வேண்டும், கூர் மேலே பார்க்க வேண்டும். பையில் எழுதியிருந்ததை மனப்பாடம் செய்துவிட்டேன்.

கடையில் நடந்த பகிடி ஒன்று. "லோக் எங்கே?" என்று கேட்டேன். வேலை செய்த பெண் என்னை மரக்கறிப் பக்கம் கூட்டிப்போய்ப் பம்பாய் வெங்காயத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டாள். இந்த ஊரில் வெங்காயமும் லோக், பூக்கிழங்கும் லோக். வெட்கத்துக்கு இரண்டு கிலோ வெங்காயமும் வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை சமையல் என் முறை. காலையில் சமையலை முடித்துவிட்டு நடுவேன்.

வசந்தத்திலும் இங்கேதான் இருப்பேன் என்று நான் சொல்வதாக எழுதியிருந்தீர். ஓம், அப்படி நினைத்துத்தான் கொத்தினேன். கொத்த முன் உம்மிடம் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். இருக்கலாமா?

அன்புடன்,
அருட்செல்வம்


மோர்டென்ஸ்ருட்
25.09.2025

திரு. அருட்செல்வம் அவர்களுக்கு,

என்னை 'நீர்' என்கிறீர்கள். 'நீ' என்றால் உரிமை கூடிவிடும், 'நீங்கள்' என்றால் நான் கிழவியாகிவிடுவேன் என்று நடுவில் தண்ணீரைப் பிடித்திருக்கிறீர்கள். பாத்திக்கு ஊற்ற உதவும்.

உங்கள் லோக் கதையில் ஒன்று விடுபட்டுவிட்டது. லோக் என்றால் வெங்காயம், லோக் என்றால் பூக்கிழங்கு, என் வகுப்பில் ஒருவனைப் பார்த்து லோக் என்றால் மடையன். தமிழிலும் 'போடா வெங்காயம்' என்கிறோம். உலகத்தில் இந்த இரண்டு மொழிகளும் சந்திக்கிற ஒரே இடம் வெங்காயக் கூடை.

உங்கள் கேள்விக்குப் பதில் சனிக்கிழமை காலை, குசினியில் கிடைக்கும். படமும் எடுப்பேன்.

இப்படிக்கு,
நிலூஜா


ரொம்சோஸ்
02.10.2025

அன்புள்ள நிலூஜாவுக்கு,

என்னோடு பஸ் ஓட்டுகிற சூசைரட்ணம் அண்ணையின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் முன்பு இருந்த கட்டடத்துக்கு அடுத்த கட்டடம், ஏழாம் மாடி. யன்னலால் பார்த்தால் உங்கள் பழைய பல்கனி தெரிகிறது. இப்போது அங்கே யாரோ சைக்கிள் வைத்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை நீர் கைப்பந்துப் பயிற்சிக்குப் போயிருந்தீர். நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்பீர், முழுவதையும் எழுதிவிடுகிறேன். அம்மா முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்தபோது ஹன்னா பசியில் அழுதிருக்கிறாள். கூடையில் இருந்ததை வெட்டிப் போட்டு முட்டைப்பொரியல் செய்து கொடுத்திருக்கிறார். அம்மா தனக்கு ஒரு வாய்தான் எடுத்தார். ஹன்னா தட்டை வழித்துவிட்டாள். அரை மணித்தியாலத்தில் சத்தி தொடங்கிவிட்டது. நஞ்சு தகவல் இலக்கத்துக்கு அம்மாவே அடித்து, அம்புலன்சும் வந்தபிறகுதான் எனக்குச் சொன்னார். நான் பஸ்ஸை இடையில் மாற்றிக் கொடுத்துவிட்டு ஓடினேன். கூடையில் இருந்தது வெங்காயம் இல்லை, பாஸ்கா லீலிக் கிழங்கு என்று வைத்தியர் சொன்னார். ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். இப்போது பாணும் வாழைப்பழமும் சாப்பிடுகிறாள் என்று அறிந்தேன். கர்த்தருக்கு நன்றி.

கடையால் வந்த அன்று இரண்டு பையையும் அவிழ்த்தவன் நான். மாறிக் கொட்டிவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சத்தம் போடவில்லை. "கொஞ்ச நாளைக்கு என்ரை கண்ணிலை படாதேங்கோ. பிள்ளையளுக்குப் போன் எடுக்கவும் வேண்டாம்" என்றார். கடிதம் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. தபால்பெட்டித் திறப்பு உம்மிடம் இருப்பதால் இது உமக்குத்தான் முதலில் கிடைக்கும்.

இந்த மாதத்துக்குள் ஒரு முடிவு சொல்வதாக அம்மா சொல்லியிருக்கிறார். திரும்பி வரச் சொல்வாரா, மிச்ச உடுப்பையும் எடுக்கச் சொல்வாரா தெரியாது.

உமக்குச் சொல்ல ஏதும் இருந்தால் எழுதும். இல்லாவிட்டாலும் எழுதும்.

அன்புடன்,
அருட்செல்வம்


மோர்டென்ஸ்ருட்
06.10.2025

திரு. அருட்செல்வம் அவர்களுக்கு,

நீங்கள் மாறிக் கொட்டவில்லை.

இந்த ஒரு வரியை எழுத நாலு நாள் எடுத்தது. மற்றதை வேகமாக எழுதுகிறேன், நிறுத்தினால் கிழித்துவிடுவேன்.

வியாழக்கிழமை பள்ளி முடிந்து வந்து, குசினிக் கூடையில் இருந்த வெங்காயத்தைக் கொட்டிலில் இருந்த லீலிப் பைக்குள் போட்டேன். லீலியைக் கூடைக்குள் போட்டேன். சனிக்கிழமை நீங்கள் சமைக்க எடுத்து, உரித்து, இதென்ன வெங்காயம் என்று முழிப்பீர்கள். அதைப் படம் பிடிப்பது முதல் பகிடி. வெங்காயத்தைப் பாத்தியில் அழகாக நிரையாக நடுவீர்கள். வசந்தத்தில் சாம்பாருக்குப் பூக்கும். அது இரண்டாவது. வெள்ளிக்கிழமை அம்மா சமைப்பார் என்று நான் நினைக்கவில்லை. வெள்ளியில் எங்களுக்கு எப்போதும் பாணும் மீன் ரின்னும்தானே.

லீலிப் பையில் ஒரு அட்டை இருந்தது. சின்ன எழுத்தில் 'உண்ணக்கூடாது' என்று போட்டிருந்தது. வாசித்தேன். சவர்க்காரப் பெட்டியிலும் அப்படிப் போடுவார்கள், யார் பூக்கிழங்கைத் தின்னப் போகிறார்கள் என்று நினைத்தேன். அட்டையைக் கண்டால் பகிடி பிடிபட்டுவிடும் என்று கிழித்தேன். அது இப்போதும் என் ஜக்கெட் பொக்கற்றுக்குள் இருக்கிறது. கை விட்டால் படுகிறது. வேறு ஜக்கெட் போடலாம், ஆனால் போடவில்லை.

நீங்களும் ஒன்று செய்தீர்கள். பாஸ்கா லீலியை மான் தொடாது என்று எழுதினீர்கள். ஏன் தொடாது என்று எழுதவில்லை. நஞ்சு என்று ஒரு சொல் எழுதியிருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். இதை உங்கள் மேல் பழி போட எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் அதற்காகவும்தான்.

பயிற்சி முடிந்து வரும்போது எங்கள் வீட்டு நிரையின் முனையில் அம்புலன்ஸ் நின்றது. யாரோ வயதானவருக்கு என்று நினைத்து, கைப்பந்தைத் தரையில் அடித்துக்கொண்டே வந்தேன். பிறகு ஹன்னாவின் ஒற்றைச் சப்பாத்தை வாசலில் கண்டேன்.

உங்களை இந்த வீட்டை விட்டு வெளியே அனுப்ப வேண்டும் என்று ஜூன் மாதத்திலிருந்து ஆசைப்பட்டேன். அது நடந்துவிட்டது. அம்மா ஒரு தட்டுக் கூடுதலாகக் கழுவுகிற சத்தம் இப்போது இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நிற்கிறார்.

அம்மாவிடம் சொல்லுங்கள் என்று கேட்கவும் வரவில்லை, சொல்லாதீர்கள் என்று கேட்கவும் வரவில்லை. நடுவில் நிற்கிறேன், உங்கள் 'நீர்' போல.

நிலூஜா


ரொம்சோஸ்
09.10.2025

அன்புள்ள நிலூஜாவுக்கு,

எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து உடுப்பு எடுக்க வந்தபோது கொட்டிலைத் திறந்து பார்த்தேன். லீலிப் பைக்குள் பம்பாய் வெங்காயம் இருந்தது, பையின் அட்டை கிழிக்கப்பட்டிருந்தது. பையை மாறிக் கொட்டுகிற மனிதன் இருக்கலாம். அட்டை கைதவறிக் கிழியாது.

அன்று அம்மா இருந்த நிலையை நீர் பார்த்தீர். அந்த முகத்துக்கு முன்னால் நின்றபோது எனக்கு ஸ்டவாங்கர்தான் ஞாபகம் வந்தது. இந்த வீட்டிலிருந்து ஒருவர் வெளியே போகத்தான் வேண்டும் என்றால், பதினாறு வருடம் பிள்ளையாக இருந்தவர் போவதா, மூன்று மாதம் மனுசனாக இருந்தவன் போவதா? எனக்குக் கணக்கு கஷ்டமாக இருக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மான் விடயத்தில் நீர் சொன்னது சரி. ஆன்ட்ரியாஸ் காரணமும் சொன்னவர்தான். உமக்கு நான் எழுதிய முதல் கடிதம் அது. அதில் நஞ்சு என்ற சொல்லைப் போட மனம் வரவில்லை. அழகாக இருக்கட்டும் என்று விட்டேன். அது என் பிழை. ஆகவே அம்மாவிடம் நான் சொன்னது முழுப் பொய் இல்லை.

நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நீர் சொல்வதா விடுவதா என்றும் நான் சொல்ல மாட்டேன். அதில் எனக்கு உரிமை இல்லை.

லீலி எல்லாவற்றையும் அம்மா குப்பையில் போட்டிருப்பார். துலிப் இருபதும் மேல் தட்டில், காகிதப் பையில் இருக்கும். நிலம் இறுக முன் போட்டுவிட முடியுமா? கையுறை போட்டுக்கொள்ளும். நட்டபின் கையைக் கழுவும். இந்தமுறை எல்லாவற்றையும் எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அருட்செல்வம்


மோர்டென்ஸ்ருட்
16.10.2025

திரு. அருட்செல்வம் அவர்களுக்கு,

உங்களை யார் புனிதர் ஆகச் சொன்னது? புனிதர் பட்டத்துக்கு இரண்டு புதுமையாவது செய்திருக்க வேண்டும். பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டுவது ஒன்று, மற்றது என்ன?

கோபம் வந்துதான் எழுதுகிறேன். தெரிந்துகொண்டே பத்து நாள் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். 'உமக்குச் சொல்ல ஏதும் இருந்தால் எழுதும்' என்று பூனை மாதிரி எழுதினீர்கள். நான் கேட்டேனா, எனக்குப் பதிலாகப் போங்கள் என்று? என் பிழையை நீங்கள் தூக்கிக்கொண்டு போனால் நான் எதை வைத்துக்கொண்டு நிற்பது?

ஞாயிறு பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அதே சுவாமி, உப்புத் தேநீர். குரலைக் கேட்டதும் அவருக்கு விளங்கியிருக்கும். எல்லாம் சொன்னேன். "அம்மாவுக்குச் சொன்னனீரோ?" என்று கேட்டார். "இல்லை சுவாமி, கடவுளுக்கு முதல்ல" என்றேன். "கடவுள் முட்டைப்பொரியல் சமைக்கேல்லைப் பிள்ளை" என்றார். பிறகு பிராயச்சித்தமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். அம்மா மரியரஞ்சனி, நீங்கள் அருள். சுவாமி என்னைத் திருப்பிப் பகிடி பண்ணுகிறாரோ என்று முழங்காலில் இருந்தபடியே யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை துலிப் நட்டேன். நீங்கள் கொத்திவிட்டுப் போன பாத்தி திறந்தபடி கிடந்து புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. மண் குளிர்ந்து, கரண்டி போக மறுத்தது. மூன்று மடங்கு ஆழம், கூர் மேலே. ஹன்னா யன்னலுக்கு உள்ளே நின்று பார்த்தாள், வெளியே வரமாட்டேன் என்றாள். பதினைந்தாவதை வைக்கும்போது யன்னலைத் திறந்து கேட்டாள்.

"அக்கா, அருளப்பா எனக்கு நஞ்சு தந்தவரோ?"

"ஆர் சொன்னது?"

"மேரியம்மா பெரியம்மா போனில அம்மாவுக்குச் சொன்னவா. ஸ்பீக்கரில கேட்டது. நான் பள்ளிக்கூடத்திலயும் சொன்னனான், ரீச்சருக்கு."

மிச்சம் ஐந்தையும் எப்படி வைத்தேன் என்று தெரியவில்லை. கூர் கீழே போயிருக்கலாம்.

பள்ளிக்கூடத்திலிருந்து அம்மாவுக்கு அழைப்பு வந்துவிட்டது. 23ஆம் திகதி வியாழன் மூன்று மணிக்கு ரீச்சரும் பள்ளித் தாதியும் கதைக்க வேண்டுமாம். கிழங்கைக் கூடையில் வைத்தது யார் என்று கேட்பார்கள். சிறுவர் நலப் பகுதி என்றாலே நடுங்குகிற பெரியம்மா ஸ்டவாங்கரிலிருந்து, "பார்ணவேர்ன்காரர் வந்து பிள்ளையைத் தூக்கப் போயினம், அந்த ஆள் வீட்டிலை இல்லையெண்டு எழுதிக் குடு" என்று கத்துகிறார். அழைப்பு வந்த நாளிலிருந்து அம்மா ஹன்னாவின் பள்ளிப் பையை இரண்டுமுறை அடுக்குகிறார்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். செய்யத்தான் தெரியவில்லை.

நிலூஜா


ரொம்சோஸ்
18.10.2025

அன்புள்ள நிலூஜாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், வேலைக்குப் போக வேண்டும்.

பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் கேட்டால் நான்தான் என்று அங்கேயும் சொல்லுகிறேன். தவறுதலாக நடந்தது என்று கையெழுத்தும் வைக்கிறேன். வீட்டில் இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் அம்மா எழுதிக் கொடுக்கட்டும். ஹன்னாவை யாரும் எங்கேயும் கொண்டுபோக மாட்டார்கள். நான் எட்ட நிற்பது நல்லது என்றால் நிற்பேன்.

ஹன்னாவிடம் மட்டும் ஒன்று சொல்லும். அருளப்பா தரவில்லை என்று. வேறு யார் என்று சொல்ல வேண்டாம். அவ்வளவும் போதும்.

அன்புடன்,
அருட்செல்வம்


மோர்டென்ஸ்ருட்
24.10.2025, வெள்ளி

உங்களுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு நாள் பிந்திவிட்டது. நல்லது. திங்கட்கிழமையே வந்திருந்தால் நான் அதற்குள் ஒளிந்திருப்பேன்.

திங்கள் பின்னேரம் அம்மா குசினி மேசையில் இருந்து பள்ளிக்கூடத்தில் சொல்லப் போவதை நோர்வே மொழியில் எழுதிக்கொண்டிருந்தார். அங்கே போனால் பதற்றத்தில் மொழி வராது, பார்த்து வாசிக்க வேண்டும் என்று. எழுதி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நிலூஜா, இதிலை இலக்கணம் பார்த்து விடு. நீதானே கெட்டிக்காரி."

ஆறு வரி. மூன்றாவது வரியில், 'என் கணவர் பூக்கிழங்கைத் தவறுதலாக வெங்காயக் கூடையில் வைத்தார்' என்று இருந்தது. பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அம்மா இவ்வளவு சுத்தமாக எழுதி நான் கண்டதில்லை.

"என்ன, பிழையோ?" என்றார்.

"வினை சரி அம்மா," என்றேன். "எழுவாய்தான் பிழை."

'கணவர்' என்ற சொல்லை வெட்டிவிட்டு மேலே 'மகள்' என்று எழுதினேன். 'தவறுதலாக' என்பதையும் வெட்டினேன். பிறகு பொக்கற்றிலிருந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

அம்மா அந்த வரியை வாசித்தார். திரும்ப வாசித்தார். உதட்டை அசைத்து மூன்றாம் முறையும் வாசித்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லாயிருக்கும் என்றும் நினைத்தேன். அட்டையைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"வாசிச்சனியோ இதை?"

"ஓம்."

"வாசிச்சுப்போட்டோ கிழிச்சனி?"

"ஓம் அம்மா."

அட்டையைத் திருப்பி மேசையில் வைத்தார். பிறகு, "நானும் ஒண்டு சொல்லோணும்" என்றார். "அண்டைக்கு வெட்டேக்கை கண் எரியேல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லை. வெங்காயம் வெட்டிக் கண் எரியாட்டில் யோசிக்க வேண்டாமோ? எட்டு மணித்தியாலம் நிண்டு வந்த அலுப்பு. எரியாதது நல்லதாப் போச்செண்டு வெட்டினனான். அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்த மனுசன் தான் செய்ததெண்டு சொன்னவுடன என்ரை பாரத்தையும் சேர்த்து அவரிலை ஏத்திப்போட்டன்."

அப்போதுதான் அழுதார். நானும். ஹன்னா வந்து, நாங்கள் வெங்காயம் வெட்டவில்லை என்று உறுதி செய்துவிட்டுப் போனாள்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் சந்தோசக் கடிதம். முகம் துடைத்துவிட்டு அம்மா கேட்டார்: "அவருக்குத் தெரியுமோ?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை. உங்கள் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தேன். கேட்காமல் கொடுத்ததற்கு மன்னியுங்கள். எல்லாவற்றையும் வரிசையாக வாசித்தார். ஸ்டவாங்கர் என்ற இடத்தில் நின்றுவிட்டார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை, அம்புலன்ஸ் நாளிலும் இல்லை.

"ஒரு கோவத்திலை சொன்ன சொல்லு. அதைப் பிடிச்சுக்கொண்டு, நான் என்ரை பிள்ளையைத் தள்ளிவிடுவன் எண்டு இந்த மனுசன் என்னெண்டு நினைச்சவர்? என்னைப் பற்றி அவ்வளவுதானோ தெரியும்?"

அது எனக்கான கேள்வி இல்லை.

நேற்றுப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று பேரும் போனோம். அம்மா தாளை எடுக்கவில்லை, நான்தான் சொன்னேன். தாதி எழுதிக்கொண்டார். அட்டையையும் வாங்கிப் பார்த்தார். என்னிடம் நிறையக் கேட்டார், அம்மாவிடம் கொஞ்சம். ஹன்னாவோடு தனியாகவும் கதைத்தார். நஞ்சுச் செடிகள் படம் போட்ட ஒரு தாள் தந்து, குசினியில் ஒட்டச் சொன்னார். யாரையும் யாரும் தூக்கவில்லை. வெளியே வந்ததும் அம்மா பெரியம்மாவுக்குப் போன் எடுத்து, "அக்கா, பிள்ளைக்கு நஞ்சு குடுத்தது அவரில்லை. இனி அந்தச் சொல்லு என்ரை வீட்டுப் போனிலை வரப்பிடாது" என்றார். ஹன்னாவுக்கு நானே சொன்னேன், யார் என்றும் சேர்த்து. ஒரு கிழமை என்னோடு கதைக்க மாட்டாளாம். கதைக்காமல் இருப்பது எப்படி என்று என்னிடம்தான் பழகியிருக்கிறாள்.

எனக்குத் தண்டனை உண்டு. நத்தார் வரைக்கும் கைபேசி இல்லை, சனிக்கிழமைச் சமையல் முழுக்க என்னுடையது. ஸ்டவாங்கர் இல்லை.

உங்களுக்கு என்ன என்று தெரியவில்லை. அதுதான் விடயம். என்னில் இருக்கிற கோபத்தை அம்மா தண்டனையாக எண்ணி முடித்துவிட்டார். உங்களில் இருக்கிறது வேறு. நீங்கள் வெளியே போனது எனக்காக என்று நினைத்தீர்கள். அம்மா அதை, தன்னை நம்பாமல் போனதாக நினைக்கிறார். இரண்டும் சரி என்று எனக்குப் படுகிறது, அதனால் நான் எந்தப் பக்கமும் கதைக்கவில்லை.

இன்று காலை சப்பாத்துப் போடும்போது அம்மா என்னைப் பார்க்காமலே சொன்னார். "ஞாயிறு நாலு மணிக்கு வரச் சொல்லு. அந்தக் கேள்விக்கு எனக்கு நேரை நிண்டு பதில் சொல்லட்டும். உடுப்புப் பையைக் கொண்டு வாறதோ விடுறதோ அவரின்ரை விருப்பம்." அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. அன்று நான் ஹன்னாவை நீச்சல்குளத்துக்குக் கூட்டிப்போவேன். அவள் என்னோடு கதைக்காமலே நீந்தட்டும். வீட்டில் நீங்கள் இரண்டு பேரும்தான். உதவிக்கு நான் வர முடியாது. நல்ல பதிலாக ஒன்று யோசித்து வையுங்கள், அழகுக்காக எதையும் விட்டுவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகிறது. அதைச் சாட்டாகச் சொல்லி முந்தி வந்தால் அம்மா நம்ப மாட்டார். பஸ் ஓட்டுகிறவருக்கு நேரம் தெரியாதா என்பார்.

நிலூஜா

பின்குறிப்பு: தபாலில் போட்டால் திங்கள்தான் கிடைக்கும் என்று ரி-பான் ரயிலில் கொண்டுவந்தேன். பழைய சிநேகிதி ஒருத்தி கீழ்க்கதவைத் திறந்துவிட்டாள். ஏழாம் மாடிப் படியில் இருந்து இந்த வரியை எழுதுகிறேன். உங்கள் வேலைச் சப்பாத்து கதவுக்கு வெளியே இருக்கிறது. உள்ளே இருமுகிறீர்கள். மணியை அடித்து எல்லாவற்றையும் வாயால் சொல்லலாம். ஆனால் முதலில் அம்மாவோடு கதைக்க வேண்டியது உங்கள் முறை, அதற்குப் பிறகுதான் என்னுடையது. கடிதத்தைக் கதவுக்குக் கீழே தள்ளுகிறேன்.

பதில் எழுத வேண்டாம். வாங்கோ.